அப்பா பி.காம். என்கிறார், எனக்குப் பொருளியல் பிடித்திருக்கிறது

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. ப்ளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதம் எடுத்து 541 மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பி.ஏ. பொருளியல் சேர ஆசை. அப்பா விழுப்புரத்தில் ஒரு தானிய வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். “பி.காம். படித்தால் ஒரு ஆடிட்டர் ஆபீஸிலாவது உட்காரலாம், பேங்க் வேலைக்கும் போகலாம். பி.ஏ. படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்கிறார். அத்தை மகனோ பி.பி.ஏ. எடுக்கச் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரிப் படிப்புதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளே, அப்பா தானிய வியாபாரியிடம் வேலை பார்க்கிறார் என்றால் விளைச்சலை ஏலத்தில் விற்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடமான கமிட்டிக்கு நீ ஒரு தடவையாவது போயிருப்பாய். பங்குனி, சித்திரையில் மல்லாட்டை (நிலக்கடலை) வரத்து ஏறும்போது பார்த்திருக்கிறாயா? மூட்டைகளை வரிசையாக இறக்கி வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு கை அள்ளி, காயை உடைத்துப் பருப்பைப் பார்த்துவிட்டு விலை எழுதிப் போடுவார்.

அதில் ஒரு மூட்டையை எடுத்துக்கொள். பி.காம். படிக்கிற பெண், என்ன விலைக்கு வாங்கினோம், சாக்கும் ஏற்றுக்கூலியும் சேர்த்தால் அடக்கவிலை என்ன, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது, வரி எவ்வளவு என்று பார்ப்பாள். பி.பி.ஏ. படிக்கிறவர், இதை எண்ணெயாக்கி விற்பதா, கடலைமிட்டாய் போடுவதா, ஆள் எத்தனை வேண்டும், முதலுக்கு எங்கே போவது என்று யோசிப்பார். பொருளியல் மாணவி அந்த மூட்டையைக் கொண்டுவந்த விவசாயியைப் பார்ப்பாள். இரண்டு மாதம் பொறுத்தால் விலை ஏறலாம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் இன்றைக்கே விற்றுவிட்டுப் போகிறார்? விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனா, வீட்டில் வைக்க இடமில்லையா? கமிட்டிக் கிடங்கிலேயே மூட்டையை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க வழி இருக்கிறதே, அதை ஏன் பலர் தொடுவதில்லை? மூன்றும் நல்ல கேள்விகள்தான். எது உன்னை இழுக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் மாவட்டத்துக்காரர்களுக்கே அதிகம் தெரியாத ஒரு செய்தி சொல்கிறேன். 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்தார். வகுப்பில் பாடம் நடத்தியதோடு நிற்காமல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அந்தக் கிராமங்களில் ஒன்று, உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, என்ன மாறியது என்று கணக்கெடுத்தார்கள். நீ படிக்க ஆசைப்படுகிற பாடம் லண்டனிலோ டெல்லியிலோ மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

இனி கண்டிப்பாக ஒன்று. கணக்குப்பதிவியல் பிடிக்கவில்லை, பி.ஏ. என்றால் எளிது என்று நினைத்துப் பொருளியலுக்கு வருகிறாய் என்றால் வேண்டாம். இந்தப் பாடத்துக்குக் கணிதமும் புள்ளியியலும் இரண்டு கால்கள். நான் படித்த கல்லூரியில் புள்ளியியலைக் கூடச் சூத்திரம் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு உண்மையான விலைப் பட்டியலைக்கூட நாங்கள் கையில் தொட்டதில்லை. எம்.ஏ.வில், பொருளியலைப் புள்ளியியலால் அளந்து பார்க்கிற எகனாமெட்ரிக்ஸ் பாடம் வந்தபோது முதல் ஆறு மாதம் விடுதி அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்தக் கஷ்டம் உனக்கு வரக்கூடாது. வணிகக் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதே. வகையீடு, நிகழ்தகவு, ஒட்டுறவு இந்த மூன்றையும் கல்லூரி திறப்பதற்குள் இன்னொரு முறை போட்டுப் பார். சேரப்போகும் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் எத்தனை பருவங்களில் இருக்கின்றன, கணினியில் தரவை வைத்துப் பயிற்சி தருகிறார்களா என்று துறையிலேயே நேரில் கேள்.

அப்பாவின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. பி.காம். முடித்தவுடன், கணக்கு எழுதுகிற மென்பொருளான டேலி தெரிந்தால் சம்பளம் குறைவாகவாவது ஒரு வேலை கிடைத்துவிடும். பொருளியலில் பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு, படித்த பாடத்துக்கான வேலைக்குப் போவது கடினம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகவே இதை ஐந்து வருடப் படிப்பு என்று வைத்துக்கொள். வீடு ஐந்து வருடம் தாங்குமா என்பதை அப்பா, அம்மா, நீ மூவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு நீ விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு வரைக்கும் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது ஆகும்.

அப்புறம், அப்பாவிடம் இரண்டு விஷயம் எடுத்துச் சொல். வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கும் அப்படித்தான். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. கதவும் மூடிவிடாது. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு அது 60 சதவீதம். இது தெரியாமல்தான் பல வீடுகளில் சண்டை நடக்கிறது.

பி.பி.ஏ.வுக்கு உன் கடிதத்தில் ஒரு காரணம்கூட நீ சொல்லவில்லை, அத்தை மகன் சொன்னார் என்பதைத் தவிர. பின்னால் எம்.பி.ஏ. படிக்க நினைத்தாலும் எந்தப் பட்டத்தை வைத்தும் படிக்கலாம். அதை விட்டுவிடு.

கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பொருளியல், பி.காம். இரண்டையும் எழுதிப் போடு. கலந்தாய்வுக்கு முன்னால் ஒருநாள் அப்பாவோடு கமிட்டிக்குப் போய், விற்றுவிட்டு வெளியே வருகிற யாரிடமாவது, ஏன் இன்றைக்கே விற்றீர்கள் என்று கேட்டுப் பார். அவர் சொல்வதைக் கேட்டு இன்னும் நாலு கேள்வி கேட்கத் தோன்றினால் பொருளியலுக்கே போ. வந்த பணத்தில் எவ்வளவு கழிந்தது, மிச்சம் என்ன என்று சீட்டைப் பார்க்கத் தோன்றினால் அப்பா சொல்வது சரி. என்ன கேட்டாய், எதில் சேர்ந்தாய் என்று எனக்கு எழுது.