கசக்குற பு-ஏர் டீ: ஏமாந்துட்டேனா அக்கா?

கேள்வி: அக்கா, ஆபீஸ்ல கூட வேலை பார்க்குற சீன நண்பர் ஒருத்தர் டிம் சம் (சீனங்களோட சின்னச் சின்ன பலகாரம்) சாப்பிட கூட்டிட்டுப் போனார், அங்க 'போலே'ன்னு ஒரு டீ ஊத்துனாங்க, கருகருன்னு, கசப்பே இல்லாம, மழை பெஞ்ச மண்ணு வாசனையோட, எண்ணெய்ப் பலகாரத்துக்கு அவ்ளோ ஒத்துப்போச்சு. அதே டீ வேணும்னு நம்ம சிங்கப்பூர் சைனாடவுன்ல ஒரு கடைக்குப் போனா, அங்கிள் ரெண்டு வகை இருக்கு எது வேணும்னு கேட்டார், எனக்குப் புரியல, விலை கம்மியா இருந்தத காட்டி இதுன்னுட்டேன். தோசைக்கல்லு மாதிரி வட்டமா 357 கிராம், 68 வெள்ளி. வீட்டுக்கு வந்து ஒரு துண்டு உடைச்சு மக்ல போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டேன். ஐயோ! வேப்பிலைய அரைச்சுக் குடிச்ச மாதிரி. கெட்டுப்போன சரக்கா? திருப்பிக் குடுக்க முடியுமா? (யீஷூன் வாசகர்)

பதில்: தம்பி, ஏமாத்தல, ஆனா மாத்தி வாங்கிட்டீங்க. போலேன்னாலும் பு-ஏர்னாலும் ஒரே டீதான், ஒண்ணு கான்டனீஸ் வாய்க்கு, ஒண்ணு மாண்டரின் வாய்க்கு. நீங்க டிம் சம் கடையில குடிச்சது அனேகமா 'ஷோ', அதாவது இலைய குவிச்சு தண்ணி தெளிச்சு மூடி வச்சு, வாரக்கணக்கா புளிக்க விட்டது, நம்ம இட்லி மாவு சங்கதிதான். அந்த முறையே 1973ல குன்மிங் டீ ஃபேக்டரியில வந்ததுதான். உங்க கையில இருக்கறது 'ஷெங்', பச்சை. சீனாவோட யுன்னான் மாநிலத்துல பெரிய இலையா பறிச்சு, வாணலியில வாட்டி, உருட்டி, வெயில்ல காயவச்சு, ஆவியில இளக்கி அமுக்கினா முடிஞ்சுது. புதுசா இருக்கறப்போ கசக்கத்தான் செய்யும். அதுலயும் புலாங் மலைப் பக்கத்து இலைன்னா கசப்புக்கே பேர்போனது, இவு பக்கம் கொஞ்சம் சாந்தம்.

மக்குலதான் பாதி தப்பு. அஞ்சு நிமிஷங்கறது நம்ம டீத்தூள் கணக்கு, இதுக்கு செகண்ட் கணக்கு.

எங்கிட்டயும் ஒரு புலாங் வட்டு இருக்கு, உங்க கேள்வி வந்ததும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் அதையே எடுத்து உக்காந்தேன் (வெறும் வயித்துல குடிக்காதீங்க, எனக்கு ஒரு தடவ தலை சுத்திடுச்சு). சமையல் தராசுல 7 கிராம், 100 மில்லி பிடிக்கிற கைவான்ல, அதாங்க மூடி போட்ட சின்ன பீங்கான் கிண்ணம். நல்லா கொதிச்ச தண்ணி. முதல் தண்ணிய உடனே கொட்டிட்டேன், அது இலைய எழுப்பத்தான். அடுத்தது அஞ்சு செகண்ட்: வெளிர் மஞ்சள், வைக்கோல் வாசனை, கசப்பு சும்மா எட்டிப் பார்த்துச்சு. ரெண்டாவது, மூணாவதுல கட்டி பிரிஞ்சு இலை விரிய விரிய கசப்பு ஏறுது, அடி நாக்குல பாகற்காய் மாதிரி உக்காருது. நாலாவதுல போன் வந்துடுச்சு, அம்மா. பேசிட்டு வந்து பார்த்தா மூணு நிமிஷம் ஆயிருக்கு, உங்க மக்கு கதையேதான்! சுடுதண்ணி கலந்து ஒரு மாதிரி குடிச்சேன்.

ஆனா கவனிங்க, அந்த மோசமான நாலாவதுக்கு அப்புறந்தான் விஷயமே. முழுங்கி அரை நிமிஷம் இருக்கும், வாயில தண்ணி ஊறி தொண்டையில இனிப்பு தட்டுச்சு. நெல்லிக்காய் கடிச்சுட்டு தண்ணி குடிச்சா வருமே, அதே இனிப்பு. சீனர்கள் இத 'ஹுய் கான்'னு சொல்றாங்க, திரும்பி வர்ற இனிப்பு. கசப்பு எவ்வளவுன்னு பாக்காதீங்க, போகுதா போகலையான்னு பாருங்க. போயிட்டு இனிப்ப விட்டுட்டுப் போனா நல்ல இலை, பத்து நிமிஷம் கழிச்சும் நாக்க வுடாம ஒட்டிட்டே இருந்தா எனக்கு அது மட்டம். இன்னொண்ணு, கசப்பு வேற துவர்ப்பு வேற, நமக்கு இத யாரும் சொல்லித்தர வேணாம், வாழைப்பூவும் பாகற்காயும் சாப்பிட்டு வளர்ந்தவங்க. ஆறாவது ஏழாவதுல (பதினஞ்சு செகண்ட், அரை நிமிஷம்) கசப்பு இறங்கி, கன்னத்தோட உள்பக்கம் இழுக்குற துவர்ப்பு மட்டும் நின்னுச்சு. ஒம்பதாவத ஒரு நிமிஷம் விட்டேன், வெறும் சர்க்கரைத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல இழுக்கல.

கணக்கும் போட்டுக்கோங்க. 357 கிராம ஏழு ஏழா எடுத்தா 51 தடவ, தடவைக்கு ஒரு வெள்ளி முப்பது சொச்சம், அதுல எட்டு ஒம்பது கப்பு. கோப்பிக்கடையில ஒரு தே ஓ கோசொங் (பாலும் சீனியும் இல்லாத டீ) விலையில மத்தியானம் பூரா ஓடுது.

திருப்பிக் குடுக்கறது? கசக்குதுன்னு குடுக்க முடியாது. 2012 செப்டம்பர்லேருந்து இங்க லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருள வித்தா கடைக்காரர் பொறுப்புங்கற சட்டம் இருக்கு, 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும், ஆனா பிடிக்காதது குறையில சேராது. பிரிக்கும்போதே உள்ள பூஞ்சை, இல்ல ஷோன்னு எழுதி ஷெங் குடுத்தாங்கன்னா அது வேற, ரசீதோட போய் கேளுங்க, மசியலன்னா பயனீட்டாளர் சங்கம் இருக்கு, அதுக்கும் மேல சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். 68 வெள்ளிக்கு அவ்ளோ தூரம் போவீங்களான்னு நீங்கதான் யோசிக்கணும். பேசாம அதே அங்கிள்ட்ட போய் ஷோல 25 கிராம் மட்டும் வாங்கிக் குடிச்சுப் பாருங்க, இனிமே எந்த டீயையும் ருசி பாக்காம முழு வட்டா தூக்கிட்டு வராதீங்க.

கேள்வி: என் தோழிக்கு ஒருத்தர் 1960ல செஞ்ச ஷோ பு-ஏர்னு 300 வெள்ளிக்கு குடுக்கறேங்கறாராம். நம்பலாமா? (தேக்கா வாசகி)

பதில்: மேல 1973ன்னு எழுதியிருக்கேன் பாருங்க. பொறக்காத புள்ளைக்கு ஜாதகம் காட்டுறார். பழைய ஷெங்னு சொன்னாலும் மேல சுத்தியிருக்குற காகிதத்த நம்பாதீங்க, அச்சடிக்க எவ்ளோ நேரம் ஆகும்? ஊறின இலைய விரிச்சுப் பாருங்க, பச்சையா பாசி நிறத்துல இருந்தா அது இளசுதான், வயசானது பழுப்பேறி இருக்கும்.

யீஷூன் தம்பி, உங்க வட்ட தூக்கிப் போடாதீங்க. வருஷக்கணக்குல வச்சா கசப்பு தணியும், நம்ம ஊர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் சீக்கிரமே. ஆனா அதே ஈரத்துல பூஞ்சையும் பிடிக்கும், மாசம் ஒரு தடவ எடுத்து மோந்து பாருங்க. பிரிட்ஜ் வேணாம், மசாலா டப்பா பக்கத்துலயும் வேணாம், என் முதல் வட்டு இன்னிக்கும் சாம்பார்ப்பொடி வாசனைதான் அடிக்குது.