அந்த டிடி யார் பேருக்குப் போச்சு?

அன்புள்ள அக்கா,

2015ல இஞ்சினியரிங் சேர்ந்தேன். பேங்க்ல 4 லட்சம் கல்விக்கடன். இப்ப கொரியர் ஆபீஸ்ல 14 ஆயிரம் சம்பளம். கடன் 6 லட்சத்தைத் தாண்டிருச்சு. பேங்க்ல இருந்து போன் வந்தா நான் எடுக்குறதில்ல, அதனால அப்பாவுக்குப் பண்றாங்க. இதை நான்தான் சுமக்கணுமா, இல்ல அரசாங்கம் தள்ளுபடி பண்ணணுமா? சில நேரம், நான் படிச்சிருக்கவே கூடாதுன்னு தோணுது.

எஸ்., நாமக்கல்

தம்பி,

அந்தக் கடைசி வரியை இனிமே யார்கிட்டயும் சொல்லாத, முக்கியமா உங்கப்பா காதுல விழவே கூடாது. அந்தக் கடன்ல அவரும் கையெழுத்துப் போட்டிருக்கார், கூட்டுக் கடனாளி. நீ போன் எடுக்கலைன்னா அவருக்குத்தான் போகும். கட்ட முடியாதது தப்பில்லப்பா, போனை எடுக்காம அந்த மனுஷன் தலையில தள்ளிவிட்டியே, அதுதான் தப்பு.

தள்ளுபடி பத்தியெல்லாம் எனக்குப் பேச ஒண்ணுமில்ல. 2021 தேர்தல்லயும் வாக்குறுதி வந்துச்சு, அதை நம்பி உக்காந்தவங்களுக்கு வட்டிதான் ஏறுச்சு.

என் தம்பிக்கு 2008ல லோன் போட்டப்ப நானும் பேங்குக்குப் போயிருந்தேன். அப்பா குமாரபாளையத்துல தறி ஓட்டிட்டிருந்தார். அன்னிக்கு விசேஷத்துக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தார். பேப்பரை நீட்ட நீட்ட ஒவ்வொரு பக்கத்துலயும் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார், பாதியில பேனாவைக் கீழ வச்சு விரலை நீவிவிட்டுக்கிட்டார். என்ன எழுதியிருக்குன்னு அவர் கேக்கல, நாங்களும் படிச்சுச் சொல்லல. டிடி, அதான் பேங்க் எழுதித் தர்ற வரைவோலை, வந்துச்சு, காலேஜ் பேருக்கு. அதை மஞ்சப்பையில வச்சு பஸ்ல மடியை விட்டு எடுக்காம வந்தார். மறுநாள் காலேஜ்ல கொடுத்தோம், ரசீது கிழிச்சுக் கொடுத்தாங்க. காலேஜோட கணக்கு அன்னிக்கே முடிஞ்சிருச்சு, எங்க கணக்கு முடிய பதினோரு வருஷம் ஆச்சு.

பணம் உன் கைக்கும் வரல, உங்கப்பா கைக்கும் வரல, நேரா காலேஜுக்குப் போச்சு. லேப்ல மெஷின் ஓடுச்சா, பாடம் நடத்த ஆள் இருந்தாங்களா, நோட்டீஸ்ல போட்ட கம்பெனி கேம்பஸுக்கு வந்துச்சா, எதுக்கும் காலேஜ் பொறுப்பில்ல. பேங்குக்காவது 2015ல இருந்து மத்திய அரசோட உத்தரவாத நிதி இருக்கு, ஏழரை லட்சம் வரைக்குமான கடன் வாராக்கடன் ஆனா அதுல 75 சதவீதம் கேட்டு வாங்கலாம். உனக்கு எந்த நிதி இருக்கு? தறி வாங்கி அது ஓடலைன்னா வித்தவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கேப்போம், காலேஜை மட்டும் ஏன் யாரும் கேக்குறதில்ல? லோன் பேப்பர்ல மூணாவது கையெழுத்து காலேஜோடதா இருக்கணும்ங்கறேன். பசங்க கட்ட முடியாம போனா வாங்கின ஃபீஸ்ல ஒரு பங்கை அவங்க திருப்பித் தரணும். அப்படி ஒரு சட்டம் வந்தா வாத்தியாரே இல்லாம புதுசா ஒரு பிரிவு தொறப்பாங்களா, பாரு.

இன்னொண்ணு. வருஷம் ஒரு லட்சம்னு நாலு வருஷம் வாங்கினே, வட்டி 11 சதவீதம்னு வச்சுக்க, படிப்பு நாலு வருஷம், அதுக்கப்புறம் கட்ட வேணாம்னு விட்ட ஒரு வருஷம், இதுக்கான தனிவட்டியே 1,54,000. அதை அசலோட சேர்த்துட்டுத்தான் முதல் தவணையே ஆரம்பிக்கும். வீட்டு வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள்ளன்னா அந்த வட்டியை மத்திய அரசு கட்டணும், 2009ல இருந்தே அந்த மானியம் இருக்கு. உனக்கு வந்துச்சா? வருமானச் சான்று கொடுத்தீங்களா? முதல்ல இதைக் கேளு.

ஒரு பொங்கலுக்கு எங்க வீட்டுல வெள்ளையடிக்க முருகர் படத்தைக் கழட்டினோம். பின்னாடி பதினாலு பேங்க் லெட்டர், ஒண்ணும் பிரிக்கல. என் தம்பி கண்ணுல பட்டா மனசு ஒடஞ்சிருவான்னு எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கார். உங்கப்பா எங்க வச்சிருக்கார்னு தேடிப் பாரு.

திங்கக்கிழமை லீவு போட்டுட்டு பேங்குக்கு நீயே போ. லோன் ஸ்டேட்மென்ட் வாங்கு, தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டித் தர எழுத்துல கேளு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.