இலவச இருக்கையில் சென்றவர் வழக்குத் தொடுக்கலாமா?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கடிதச் சுருக்கம்: பூட்டானின் போப்ஜிக்கா பள்ளத்தாக்கில் நடக்கும் கருங்கழுத்துக் கொக்குத் திருவிழாவைக் காண, வேட்டங்குடிக்குச் சேர்ந்து பறவை பார்க்கப் போகும் நண்பர்கள் பத்துப் பேரிடம் ஆளுக்கு 68,000 ரூபாய் வசூலித்து, வெளிமாநிலச் சுற்றுலா நிறுவனம் ஒன்றுக்குச் செலுத்தினார். நிறுவனம் நுழைவு அனுமதியை முன்கூட்டியே பெறாததால் எல்லை நகரில் தங்க நேர்ந்து, திருவிழா முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆளுக்கு 15,000 ரூபாய் திருப்பித் தருவதாக நிறுவனம் சொல்கிறது. அதை மறுத்து, முழுத் தொகையும் இழப்பீடும் கேட்டு வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதம் அடுக்கும் மற்றக் குறைகளான வழிகாட்டியின் அறியாமை, வெந்நீர் வராத விடுதி, மேலாளரின் மரியாதையற்ற பேச்சு ஆகியவை வழக்கில் அதிகம் உதவா. திருவிழா தவறியது ஒன்றே சேவைக் குறைபாடு. அது ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று கங்தே மடாலய முற்றத்தில் நடப்பதால், தேதி தெரியாது என்று நிறுவனம் சொல்ல முடியாது. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பதை அறிந்திருப்பீர்கள்.

என்னைக் கவலைகொள்ள வைப்பது, பத்துப் பேரைச் சேர்த்ததால் உங்களுக்குப் பயணம் இலவசம் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியுள்ள வரிதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பணமோ வேறு கைம்மாறோ கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, சேவை பெறுபவரையே முதன்மையாக நுகர்வோர் என்கிறது. ஆள் சேர்த்துக் கொடுத்ததே கைம்மாறு என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அந்த வாதமே உங்களை நிறுவனத்தின் ஆளாகக் காட்டிவிடும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறது, ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பிடித்த வருமான வரியும் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறது. இவர் ஒருவருக்குத்தான் விற்றோம், மற்றவர்களை எங்களுக்குத் தெரியாது என்பதே இத்தகைய வழக்குகளில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் முதல் பதில். அதைப் படித்த நண்பர்கள், இரண்டாம் எதிர்தரப்பினராக உங்களைச் சேர்ப்பார்கள். யாருக்காகச் செயல்படுகிறார் என்பதை முகவர் வெளிப்படுத்தாதபோது அவரே பொறுப்பாளி என்று ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு அனுமானிக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் அறிவிப்பில் நிறுவனத்தின் பெயரே இல்லை. பற்றுவரவைப் பைசா பிசகாமல் பேரேட்டில் எழுதிய செட்டிநாட்டில், பிறர் பணத்தை ஒரு துண்டுச் சீட்டுமின்றி வாங்கியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். மூன்று நாள் கொக்குகளைப் பார்த்துவிட்டு வந்த நிலையில், முழுத் தொகையும் திரும்பக் கிடைப்பது அரிது. 20,000 கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 15,000 போதும். ஆனால் மொத்தத் தொகையை நீங்கள் வாங்கி, முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திடவே கூடாது. நண்பர்களின் எழுத்துப்பூர்வ அதிகாரமின்றி இடும் அந்தக் கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது. மீதித் தொகைக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பணம் அவரவர் கணக்கிற்கே போகட்டும். பத்துப் பேரும் தனித்தனியே கையெழுத்திட்டு, உங்கள் மீதும் கோரிக்கை இல்லை என்று அதில் எழுதட்டும். இலவச இருக்கையைப் பற்றி அவர்களிடம் இதுவரை சொல்லவில்லை என்றால், கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உண்மையை மறைத்து வாங்கிய பொறுப்பு விடுவிப்பு சட்டத்தின் முன் நிற்காது.

பேச்சுவார்த்தை நடப்பதால், ஆணையத்தில் முறையிடுவதற்கான இரண்டு ஆண்டுக் காலவரம்பு நின்றுவிடாது. பணம் வராமல் ஆறு மாதம் கடந்தால், பணம் கொடுத்த நண்பர்கள் கூட்டாக முறையிடட்டும். நீங்கள் சாட்சியாக மட்டும் இருங்கள்.