ஏஎல்பி குறைவாக இருந்தால் நல்லதுதானே?

கேள்வி: என் வயது 44. இரண்டு வருடத்தில் மூன்று முறை பாத எலும்பில் விரிசல் விட்டது. ஒவ்வொன்றும் ஆற மாதக்கணக்கானது. ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (ஏஎல்பி) என்ற என்சைம் குறைவாக, லிட்டருக்கு 19 யூனிட்தான். "கூடினால்தான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு, எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதே என்சைமை மாற்றி அமைத்து ஊசியாகப் போடுகிறார்கள், அது அழற்சியையும் தணிக்கும் என்று படித்தேன். பெருங்குடல் புண் அழற்சி உள்ள என் தம்பிக்கும் அது உதவுமா?

பதில்: முதல் வேலையாக, அந்த மாத்திரையை இப்போது தொடங்காமல் உங்கள் மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். காரணம் சொல்கிறேன்.

நம் உடம்பில் பைரோபாஸ்பேட் என்றொரு பொருள் இருக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாவதைத் தடுப்பது அதன் குணம். எலும்பு இறுக வேண்டிய இடத்தில் அதை உடைத்து வழிவிடுவது ஏஎல்பி என்கிற அல்கலைன் பாஸ்பேட்டேஸ். இந்த என்சைமுக்கான மரபணுவில் கோளாறு இருந்தால் பைரோபாஸ்பேட் தேங்கும். ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் எலும்பில் ஏறாது. ஹைப்போபாஸ்பட்டேசியா என்று பெயர். 1948இல் கனடா மருத்துவர் ராத்பன் விவரித்த நோய் இது. அலெண்ட்ரோனேட் வகை மாத்திரைகளின் வேதி அமைப்போ கிட்டத்தட்ட பைரோபாஸ்பேட்டின் நகல். இந்த நோய் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

உங்களுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. துத்தநாகமோ மக்னீசியமோ குறைந்தாலும் ஏஎல்பி இறங்கும், ஏனென்றால் அந்த உலோகங்கள் இல்லாமல் இந்த என்சைம் வேலை செய்யாது. தைராய்டு சுரப்பு குறைவிலும் இறங்கலாம். ரத்தத்தைத் தவறுதலாக ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுத்தாலே எண் சரிந்துவிடும்! அதனால் ஒரு முறை திரும்பப் பாருங்கள். மறுபடியும் குறைவாகவே வந்தால் ரத்தத்தில் வைட்டமின் பி6 அளவைப் பார்க்க வேண்டும். இந்த நோயில் அது ஏறி நிற்கும். பி6 சேர்ந்த சத்து மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மரபணுப் பரிசோதனை.

அதற்கு முன்னால் காசில்லாத ஒரு பரிசோதனை உண்டு. உங்களுக்குப் பால் பற்கள் எப்போது விழுந்தன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 5 வயதுக்கு முன்பே, வேர் கரையாமல் முழுப் பல்லாக விழுந்திருந்தால் அது பெரிய தடயம்.

நீங்கள் படித்த ஊசிக்கு வருவோம். வெறும் என்சைமை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தது பழைய கதை. ரத்தத்தில் ஏஎல்பி ஏறியதே தவிர எலும்புக்குப் பெரிய பலன் இல்லை. 2015இல் ஒப்புதல் பெற்ற அஸ்போடேஸ் ஆல்பா என்ற ஊசி மருந்தில் அதைத்தான் சரிசெய்தார்கள். என்சைமைச் செல்லோடு பிணைக்கும் நங்கூரத்தை வெட்டிவிட்டு, ஆன்டிபாடியின் ஒரு துண்டை ஒட்டினார்கள். கடைசியில் அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் 10 கொண்ட ஒரு வால். அந்த வால் எலும்பின் தாதுவைப் பற்றிக்கொள்ளும். என்சைம் பழையதுதான், புதிதாகக் கிடைத்தது முகவரி. விலா எலும்பு இறுகாமல் மூச்சுவிடவே திணறிய குழந்தைகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் பலன் அவ்வளவு கண்கூடாகத் தெரிவதில்லை. பொதுவாகச் சிறு வயதிலேயே தொடங்கிய நோய்க்குத்தான் இதற்கு ஒப்புதல், பால் பல்லைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வாரத்துக்கு 3 அல்லது 6 ஊசி, தோலுக்கு அடியில். போட்ட இடம் சிவக்கும், சிலருக்குக் குழி விழும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படிகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஏஎல்பி ஆயிரக்கணக்கில் காட்டும். விவரம் தெரியாத பரிசோதனைக்கூடம் பதறிவிடும்.

சரி, தம்பி. குடலிலும் ஒரு ஏஎல்பி சுரக்கிறது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் நச்சின் பாஸ்பேட்டை அது கழற்றிவிட்டால் நச்சின் வீரியம் போய்விடும். இதை நம்பித்தான் குடல் வகையையும் நஞ்சுக்கொடி வகையையும் ஒட்டி ஐலோபோடேஸ் ஆல்பா என்ற கலப்பு என்சைமைச் செய்து, ரத்தத்தில் கிருமி பரவிச் சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 301 பேரிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில் இறப்பு குறைந்ததுபோல் தெரிந்தது. அடுத்து இன்னும் அதிகம் பேரிடம் பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பெருங்குடல் அழற்சிக்கு நடந்தவை சின்னச் சின்ன முயற்சிகளே. எலும்பைத் தேடிப் போகிற உங்கள் ஊசி அவர் குடலுக்கு ஆகாது. அவர் இப்போது சாப்பிடும் மருந்தை இதை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு நோய் உறுதியானால் தம்பியும் ஏஎல்பி பார்த்துக்கொள்ளட்டும். இது குடும்பத்தில் வருகிற நோய். குடல் அழற்சிக்காக ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்கு எலும்பு மெலியும், அப்போது அவருக்கும் இதே அலெண்ட்ரோனேட்டை யாராவது எழுதிக் கொடுக்கக்கூடும்.