எல்லா வருஷத்துக்கும் ஒரே வினாத்தாளா? கேள்வி பதில்

தஞ்சாவூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் வருஷம் முதல் கடைசி வருஷம் வரை எல்லா மாணவர்களும் ஒரே வினாத்தாளை எழுத, ஒவ்வொருவரும் தேர்வுக்குத் தேர்வு எவ்வளவு வளர்ந்தார் என்று பார்ப்பதுதான் 'முன்னேற்றத் தேர்வு'. அதைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை.

முதலாண்டு மாணவி, திருவாரூர்: ஃபைனல் இயர் அண்ணன்மார் எழுதுற அதே பேப்பரை நாங்க எப்படி சார் எழுதுறது?

எழுத வராதும்மா, வரணும்னு யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1970களிலேயே இதைத் தொடங்கிவிட்டது. வருஷத்துக்கு நாலு தரம். கேள்விகள் படிப்பை முடித்து வரும் டாக்டரின் அளவுக்கு இருக்கும். மேட்டூர் அணை நீர்மட்டம் 60 அடி என்று செய்தித்தாளில் படித்தால் நமக்குச் சந்தோஷமா, கவலையா? போன வாரம் 50ஆ, 70ஆ என்று தெரியாமல் சொல்ல முடியாது. உன் மார்க்கும் அப்படித்தான்.

ஒரு தகப்பனார், மன்னார்குடி: பையன் குத்துமதிப்பா டிக் அடிச்சுட்டா?

பல இடங்களில் 'தெரியாது' என்றே ஒரு விடை உண்டு, அதற்குப் பூஜ்யம். நாலு விடையுள்ள கேள்வியில் தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் கழித்தால், குத்துமதிப்பு சராசரியாக ஒன்றும் தராது. பயந்த பிள்ளைகள் தெரிந்ததையும் விட்டுவிடுவார்கள், அந்தக் குறை உண்டு. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரிடம்தான் நான் வைத்தியம் பார்த்துக்கொள்வேன்.

உதவிப் பேராசிரியர், நாகப்பட்டினம்: இதை வைத்துப் பாடத்திட்டத்தையே எடை போடலாமா?

அதற்குத்தான் இது அதிகம் பயன்படும் என்பேன். 2019இல் எம்பிபிஎஸ்ஸுக்குத் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. பலன் என்ன என்று கேட்டால் பல்கலைக்கழக மார்க் ஷீட்டைத்தான் நீட்டுகிறோம். முதல் வருஷம் பாஸ் பண்ணிய அனாடமியில் கடைசி வருஷம் மிச்சம் எவ்வளவு? அதை மார்க் ஷீட் சொல்லாது. இந்தத் தேர்வு சொல்லும். ஒரு பாடத்தில் பேட்ச் முழுக்க மார்க் இறங்கினால் விசாரிக்க வேண்டியது மாணவரை அல்ல, நம்மை.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பழைய கேள்விகள் சிலவற்றைக் கலந்து கடினத்தைச் சமன் செய்யாவிட்டால், பேப்பர் லேசானதைப் பிள்ளைகளின் வளர்ச்சி என்று எண்ணிவிடுவோம். அடுத்து, பின்தங்கியவர்கள் பேட்சை விட்டுப் போனால் சராசரி தானாக ஏறும். அதனால் அதே பிள்ளையை வருஷா வருஷம் தொடர வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து: இதுக்கும் கோச்சிங் சென்டர் வந்துடுமே?

பாஸ், ஃபெயில் வைத்தால் மறுநாளே போர்டு மாட்டுவார்கள். வைக்காதீர்கள்.

அதே நண்பர்: ஊசி போடத் தெரியுமான்னும் பாக்குமா?

பார்க்காது. அதற்கு வார்டுக்குத்தான் வரணும்.