பாட்டை ஏன் ஓட்டினீர்கள்?

அன்புள்ள ஐயா,

இந்தி நடிகை வஹீதா ரஹ்மானைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘பியாசா’, ‘கைடு’ இரண்டையும் பார்த்தேன். நேரமில்லாததால் பாடல்களை ஓட்டிவிட்டேன். அழகான முகம்தான், ஆனால் நடிப்பு என்று பெரிதாக எதுவும் தென்படவில்லை. ‘பியாசா’ இயக்குநர் குரு தத்தும் அவருடைய ஒளிப்பதிவாளரும் சேர்ந்து உருவாக்கிய பிம்பம்தானோ என்று தோன்றுகிறது. குரு தத்துடன் காதல் என்பது உண்மையா? 1974க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? அடுத்து எந்தப் படம் பார்க்கலாம்?

வி.

அன்புள்ள வி.,

பாடல்களை ஓட்டிவிட்டீர்கள் என்றால் நீங்கள் வஹீதாவை இன்னும் பார்க்கவில்லை. கோபப்படாமல் இதைச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்து நல்ல இந்திப் பட இயக்குநர்கள், இரண்டு பேருக்கிடையே என்ன நடக்கிறது என்பதைப் பாட்டுக்குள்தான் வைத்தார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டு நடிப்பு எங்கே என்று கேட்டால் எப்படி?

காதல் கதையை விடுங்கள், அது அவர்கள் வாழ்க்கை. காணாமலும் போகவில்லை. 1974இல் நடிகர் கமல்ஜீத்தை மணந்து பெங்களூருப் பக்கம் பண்ணை வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் ‘கபி கபி’ (1976), ‘திரிசூல்’ (1978), ‘லம்ஹே’ (1991), ‘ரங் தே பசந்தி’ (2006) எல்லாம் வந்தன.

‘உருவாக்கிய பிம்பம்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பதில். தெலுங்கில் ‘ரோஜுலு மாராயி’யில் ஆடிய ஒரு பாட்டு ஓடு ஓடென்று ஓடியதால்தான் குரு தத்தின் கண்ணில் பட்டார். ஒப்பந்தத்தில் அம்மா சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய வயது. அந்த வயதில், பெயரை மாற்ற மாட்டேன், எனக்குப் பிடிக்காத உடையை உடுத்த மாட்டேன் என்று சொல்லி, உடை விஷயத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்த பெண் அவர். பிம்பங்கள் ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்பதில்லை.

இனி பாட்டுக்கு வருகிறேன். வஹீதாவின் பெரிய நடிப்பெல்லாம் அவர் பாடாத பாடல்களில் இருக்கிறது, இன்னொருவர் பாட அவர் கேட்டுக்கொண்டிருக்கும் பாடல்களில்.

அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு முதலில் பதிவாகிவிடும். செட்டில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, வரி வரியாக, கோணம் மாற்றி மாற்றி எடுப்பார்கள். வாயசைப்பவருக்குப் பிடித்துக்கொள்ள வார்த்தை இருக்கிறது. கேட்பவருக்கு எதுவும் இல்லை. அதனால் பலர் ஒவ்வொரு வரி முடியும்போதும் தலையாட்டுவார்கள், தபலா அடிக்கு இமைப்பார்கள், பாடுபவர் முகத்தையே வெறிப்பார்கள். இன்னும் மோசமான தவறு ஒன்று உண்டு. ஒத்திகையில் திரும்பத் திரும்பக் கேட்டதால் அடுத்து என்ன வரி வரும் என்று தெரிந்துபோய், சோகமான வரி வருவதற்கு முன்பே முகத்தைச் சோகமாக்கிக்கொள்வார்கள். வஹீதாவிடம் அது நடப்பதில்லை. வரி விழும், உள்ளே இறங்கும், அதன் பிறகுதான் கண் அசையும்.

‘பியாசா’வில் நீங்கள் ஓட்டிவிட்ட ‘ஆஜ் சஜன் மோஹே அங் லகா லோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு பெண் கீர்த்தனம் பாடுகிறாள். குரல் கீதா தத்துடையது. வஹீதா நடிக்கும் குலாபோ வாயே திறப்பதில்லை. அவள் காதலிக்கும் கவிஞன் விஜய் போன மாடிப்படியில் தயங்கித் தயங்கி ஏறுகிறாள். அவன் முதுகைக் காட்டி நிற்கிறான். பின்னால் வந்து, தோளில் சாய்ந்துவிடப் போகிறாள் என்று நாம் நினைக்கும் நேரத்தில் தொடாமலே திரும்பி இறங்கிவிடுகிறாள். பாட்டு அணைத்துக்கொள் என்று கெஞ்சுகிறது, அவள் உடம்பு எனக்கு அந்தத் தகுதி இல்லை என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் குலாபோ யார் என்று தெரியும்.

இது எங்கிருந்து வந்தது? செங்கல்பட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே பரதம் கற்றவர். பதம் என்ற பரதப் பாட்டுக்கு அபிநயம் பிடிப்பவர் பெரும்பாலும் பாடுவதில்லை. பக்கத்தில் ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் அதற்கு வேறொரு பொருளை முகத்தில் காட்ட வேண்டும். அடுத்தவர் குரலைத் தன் மனசாக்கிக்கொள்ளும் பயிற்சி அது. ‘கைடு’ நாகப் பாம்பு நடனத்தைப் பார்த்து நல்ல நாட்டியக்காரி என்பார்கள். அதே படத்தில் ‘தேரே மேரே சப்னே’யைப் பாருங்கள். மிகச் சில நீண்ட ஷாட்களில் எடுத்த பாட்டு. ரஃபி குரலில் தேவ் ஆனந்த் பாட, வஹீதாவின் ரோஸி விலகிப் போகிறாள், வருகிறாள். வெட்டு இல்லாததால் பிசகினால் மறைக்க இடமே இல்லை. நாட்டியக்காரி என்பது அங்கேதான் உண்மையில் தெரிகிறது.

ஒளிப்பதிவாளர் தந்த முகம் என்றும் சொல்கிறீர்கள். வி.கே. மூர்த்தி மேதை, மறுக்கவில்லை. ‘காகஸ் கே பூல்’ படத்தில் ‘வக்த் நே கியா’ பாட்டுக்கு, வெளியே இருந்த வெயிலைக் கண்ணாடிகளால் பிடித்து ஸ்டுடியோவுக்குள் ஒரு தூணைப் போல இறக்கினார். அந்த வெளிச்சத்தில் நின்று வாயசைக்காமல் அந்தப் பாட்டைத் தாங்கியது யார்? 1964இல் குரு தத் இறந்துவிட்டார். 1966இல் வந்த ‘தீஸ்ரி கசம்’ படத்தின் கேமரா சுப்ரதா மித்ராவுடையது. அதில் வண்டிக்காரன் ஹீராமன், விலைக்கு விற்கப்பட்ட மஹுவா என்ற பெண்ணின் கதையைச் சொல்லி ‘துனியா பனானேவாலே’ பாடுகிறான். அவன் பாடுவது தன் கதையைத்தான் என்று, நௌடங்கி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடும் ஹீராபாய்க்கு, அதாவது வஹீதாவுக்கு, தெரியும், அவனுக்குத் தெரியாது. இயக்குநர் வேறு, கேமரா வேறு, கேட்கும் முகம் அதே முகம்.

அடுத்து ‘தீஸ்ரி கசம்’, பிறகு ‘காகஸ் கே பூல்’, பிறகு ‘கமோஷி’ பாருங்கள். ‘கமோஷி’யில் ‘தும் புகார் லோ’ வரும்போது தர்மேந்திராவை விட்டுவிட்டு நர்ஸ் ராதாவை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு பாட்டையும் முதலில் முழுதாகக் கேளுங்கள், பிறகு ஒலியை அணைத்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள். ‘காகஸ் கே பூல்’ மட்டும் கைபேசியில் வேண்டாம். சினிமாஸ்கோப் என்ற அகன்ற திரைப் படம் அது, கைபேசித் திரையில் அவர் முகம் நகக்கண் அளவுக்குத்தான் தெரியும்.