ஒவ்வொரு அப்டேட்டிலும் மாட்கள் (ரசிகர்கள் கேமில் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) உடைகின்றன. ஸ்கைரிம் போன்ற கேம்களுக்கு இன்றும் மாட் போடுவது வேலைக்கு ஆகுமா?

ஆகும். ஆனால் மாட்களைத் தேடப் போவதற்கு முன் கேமின் பதிப்பை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும். மாட் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எல்லா மாட்டும் அப்டேட்டுக்கு உடைவதில்லை. டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்), மெஷ் (பொருளின் வடிவம்), சாதாரண ஈ.எஸ்.பி பிளகின் (கேமின் தகவல்களை மாற்றும் கோப்பு) இவையெல்லாம் வெறும் தரவு. பதிப்பு மாறினாலும் அநேகமாக அப்படியே ஓடும். உடைவது எஸ்.கே.எஸ்.இ என்ற, ரசிகர்கள் செய்த நீட்டிப்புக் கருவியை நம்பியிருக்கும் டி.எல்.எல் மாட்கள், அதாவது நிரல் கொண்ட மாட்கள். அவை கேமின் எக்ஸி கோப்புக்குள் குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் ஒரு ஃபங்க்ஷனைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன. கேமை மறுபடி கம்பைல் செய்தால் முகவரிகள் நகர்ந்துவிடும். பதிப்புவாரியாகப் புது முகவரியைச் சொல்லும் அட்டவணைதான் அட்ரஸ் லைப்ரரி. 2021 நவம்பரில் ஸ்கைரிமின் 1.6 பதிப்பு வந்தபோது கம்பைலரே மாறியதால், பழைய அட்டவணை எண்களும் செல்லாமல் போயின. அதனால்தான் ஒரு கூட்டம் இன்னும் 1.5.97-ஐ விட்டு நகரவில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு 1.6.1170 போதும். பராமரிப்பில் உள்ள முக்கிய மாட்கள் அதற்கு வந்துவிட்டன. கைவிடப்பட்ட ஒரு மாட் இல்லாமல் முடியவே முடியாது என்றால் மட்டும் 1.5.97-க்கு இறங்குங்கள். அப்படி இறங்கினால் இன்னொரு சிக்கல் உண்டு: 2023 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு சேமித்த பிளகின்களில் 1.71 என்ற புது ஹெடர் (கோப்பின் தலைப்பில் உள்ள பதிப்பு எண்) இருக்கும். பழைய எக்ஸிக்கு அது புரியாது. பீஸ் என்ற சிறு மாட்டைப் போட்டால் புரியும். ஸ்டீமுக்குப் பதில் ஜி.ஓ.ஜி என்ற ஆன்லைன் கடையில் வாங்கியவர்களுக்கு எஸ்.கே.எஸ்.இ தனிக் கோப்பு. ஸ்டீமுக்கானதை இறக்கினால் வேலை செய்யாது.

ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குப் போய், ‘தொடங்கும்போது மட்டும் புதுப்பி’ என்று மாற்றுங்கள். அதன்பிறகு ஸ்டீமின் ப்ளே பொத்தானைத் தொடவே கூடாது. மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 வழியாக எஸ்.கே.எஸ்.இ லோடரை மட்டும் ஓட்டுங்கள். கேமை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நிறுவுங்கள், உள்ளே இருந்தால் விண்டோஸ் எழுத விடாமல் குறுக்கே நிற்கும். சுத்தமான கேம் ஃபோல்டரின் நகல் ஒன்றும் தனியாக இருக்கட்டும். வோர்டெக்ஸ் என்ற மற்றொரு மாட் நிர்வாகியைப் பயன்படுத்துபவர்கள் மாட்கள் இருக்கும் ஃபோல்டரை கேம் இருக்கும் டிரைவிலேயே வைக்க வேண்டும். வோர்டெக்ஸ் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்பை நகலெடுக்காமல் இரண்டு இடங்களில் காட்டும் இணைப்பு) போட்டு இயங்குகிறது. ஹார்ட் லிங்க் டிரைவ் தாண்டாது.

அடுத்த குழப்பம் வரிசை. ஸ்கைரிமில் வரிசை ஒன்றல்ல, இரண்டு. கோப்புகளில் எது எதை மறைக்கும் என்பது ஒன்று. பிளகின்கள் எந்த முறையில் ஏறும் என்பது மற்றொன்று. லூட் என்ற வரிசைப்படுத்தும் கருவி அடுக்கிக் கொடுப்பது இரண்டாவதை மட்டுமே. ஒரு பாத்திரத்தின் முகம் மட்டும் கறுத்துப்போய் உடல் சரியாக இருந்தால் காரணம் இதுதான்: பாத்திரத்தின் ரெக்கார்ட் (பிளகினில் உள்ள தகவல் பதிவு) ஒரு மாட்டிலிருந்தும் முகக் கோப்பு வேறொரு மாட்டிலிருந்தும் வருகிறது. இரண்டு வரிசையிலும் ஒரே மாட் ஜெயிக்கும்படி வைத்தால் முகம் தெளிந்துவிடும்.

ஒரே ரெக்கார்டை இரண்டு பிளகின்கள் தொட்டால் கேம் அவற்றைக் கலக்காது. கடைசியில் ஏறியது முழுதாக ஜெயிக்கும். ஒரு மாட் வாளின் விலையையும் இன்னொன்று அதே வாளின் தாக்கத்தையும் மாற்றினால், ஒரு மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பிளகின்களைத் திருத்தும் எஸ்.எஸ்.இ எடிட் கருவியில் திறந்து பார்த்து, இரண்டையும் சேர்த்து ஒரு சிறு பேட்ச் செய்வதுதான் வழி. முழு பிளகின்களுக்கு 254 இடம்தான். லைட் பிளகின்கள் என்ற சிறிய வகை எல்லாம் ஒரே இடத்துக்குள் 4096 வரை அடங்கிவிடும். எனவே இன்று 254 யாரையும் பெரிதாகப் பயமுறுத்துவதில்லை.

மெனு வருமுன்பே கேம் விழுந்தால் முதலில் மாஸ்டர் கோப்பு (ஒரு பிளகின் நம்பியிருக்கும் மூலப் பிளகின்) ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொருள் ஊதா நிறமானால் டெக்ஸ்சர் இல்லை; அதே இடத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி நின்றால் மெஷ் இல்லை. எதுவும் பிடிபடவில்லையா? பாதி மாட்களை அணைத்துப் புது கேமில் சோதியுங்கள், பிறகு அதில் பாதி. 200 மாட் இருந்தாலும் எட்டு சுற்றுக்குள் குற்றவாளி சிக்கும். இதை உங்கள் நிஜ சேவில் செய்யாதீர்கள்: ஸ்கிரிப்ட் உள்ள மாட் சேவுக்குள் வேர்விட்டுவிடும், நடுவில் பிடுங்கினால் பல மணி நேரம் கழித்து வேறெங்கோ உடையும்.

மாட் உலகம் சோர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2024 ஜூலையில் வெளியான, ஃபால்அவுட் 4-க்கான ஃபால்அவுட் லண்டன் மாட் ஒரு முழு கேம் அளவு பெரியது. அதன் தேதி ஏப்ரலிலிருந்து தள்ளிப்போனதும் ஃபால்அவுட் 4-க்கு அதே மாதம் வந்த அதிகாரபூர்வ அப்டேட்டால்தான். இப்போதும் அதை விளையாட ஸ்டீம் பதிப்பைப் பழையதற்கு இறக்க வேண்டும். ஸ்டீமை நடத்தும் வால்வும் ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டாவும் கட்டண மாட்களை 2015 ஏப்ரலில் ஸ்டீமில் விற்கப் பார்த்து, படைப்பாளிக்கு 25 சதவீதம் என்ற கணக்கு கிளப்பிய கோபத்தில் நான்கே நாளில் திரும்பப் பெற்றார்கள். 2023 டிசம்பரில் அதே யோசனை ‘கிரியேஷன்ஸ்’ என்ற பெயரில் கேமுக்குள்ளேயே வந்துவிட்டது. மேலே சொன்ன 1.71 ஹெடர் அந்த அப்டேட்டின் துணைவிளைவு. பணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடையைத் திறக்க எக்ஸியை மாற்றும்போது அடி வாங்குவது இலவச மாட்கள்.

மைன்கிராஃப்டில் கதை வேறு. அங்கே பதிப்போடு லோடரும் (மாட்களை ஏற்றும் கருவி; ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்றவை) பொருந்த வேண்டும்: ஃபோர்ஜ் மாட் ஃபேப்ரிக்கில் ஏறாது, 1.12.2-க்கு ஜாவா 8, 1.20.1-க்கு ஜாவா 17. அதைவிட முக்கியம், மாட்கள் வரும் ஜார் கோப்பு என்பது உங்கள் கணினியில் முழு உரிமையோடு ஓடும் புரோகிராம். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் என்ற மாட் தளத்தில் சில படைப்பாளிகளின் கணக்குகள் திருடப்பட்டு, ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் மாட்களுக்குள் நுழைந்து பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடியது. ஜார், டி.எல்.எல், எக்ஸி உள்ள மாட் வெளியான அன்றே இறக்காமல் சில நாள் விட்டுப் போடுங்கள். டெக்ஸ்சர் மட்டும் உள்ளதற்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.